சர்க்கரை இறங்கினாலும் இன்சுலின் ஏன் தொடர்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவுள்ள குழந்தை கீட்டோஅசிடோசிஸ் நிலையில், அதாவது இன்சுலின் பற்றாக்குறையால் கீட்டோன் எனும் அமிலப் பொருள் ரத்தத்தில் பெருகிய நிலையில், மருத்துவமனைக்கு வரும்போது, உடனே நிறைய இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கிவிட்டால் போதும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதல் தேவை நரம்பு வழியே ஏற்றும் திரவம்தான். அது தொடங்கிக் குறைந்தது 1 மணி நேரம் கழித்தே, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வரை, இன்சுலின் சிறுகச் சிறுகச் செலுத்தப்படுகிறது. இதை அலட்சியம் என்று நினைத்துச் செவிலியரிடம் கோபப்படுவது நியாயமன்று. முதல் மணி நேரத்திலேயே இன்சுலின் கொடுப்பது, குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய மூளை வீக்கத்துடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டுள்ளது. மேலும், இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடுவதால், அதன் அளவைப் பார்த்து ஈடுசெய்யாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

சர்க்கரை 300 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியதும் குளுக்கோஸ் கலந்த திரவம் ஏற்றுவார்கள். ‘சர்க்கரை நோய்க்கே குளுக்கோஸா?’ என்று திடுக்கிட வேண்டாம். இன்சுலின் அங்கே முக்கியமாகச் செய்யும் வேலை, கொழுப்பு சிதைந்து கல்லீரலில் கீட்டோன் உருவாவதைத் தடுப்பதாகும். ரத்தத்தின் அமிலத்தன்மை நீங்கும்வரை அதை நிறுத்த முடியாது, ஆகவே சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்கவே அந்த குளுக்கோஸ்.

வீட்டிலும் இதே குழப்பம் உண்டு. வாந்தியெடுக்கும் குழந்தை சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது, இந்நிலைக்கு இட்டுச்செல்லும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அளவை மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கீட்டோன் பரிசோதனையையும் அன்றே செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர் ஒருவர்