கடைசி பெஞ்சுக்கு அனுப்பும் முன்: ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அக்கா, அண்ணன்மாரே,

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் நாலாம் வகுப்பு. போன வருஷம் முழுக்க அவனைப் பற்றி எனக்கு வந்த சேதி ஒன்றுதான்: ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பக்கத்துப் பிள்ளையை நோண்டுகிறான், எழுதச் சொன்னால் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான். கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். ஊரில் மந்திரிக்கச் சொன்னார்கள், மந்திரித்தேன். மூளைக்குத் தேவையான தாதுச்சத்து எல்லாம் இதில் இருக்கிறது என்று ஒருவர் 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பா பவுடர் விற்றார், அதையும் வாங்கிக் கலக்கிக் கொடுத்தேன்.

கடைசியில் பார்த்த டாக்டர் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை, ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்றுதான் கேட்டார். விடிய விடிய காலை உதைத்துக்கொண்டே கிடப்பான் என்றேன். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 11.8, அது சரிதான். ஆனால் ஃபெரிட்டின் வெறும் 9. ஃபெரிட்டின் என்றால் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. கையிருப்பு காலியாகிக் கிடந்தாலும் ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் நன்றாகவே காட்டும், அதனால்தான் பல பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது. கவனத்துக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தை மூளை தயாரிக்க இரும்பு வேண்டும். 2004இல் பிரான்சில் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 53 பிள்ளைகளைச் சோதித்ததில் 84 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தது, மற்றப் பிள்ளைகள் 27 பேரில் 18 சதவீதம்தான். சின்ன ஆய்வு அது, துடிப்பான பிள்ளைக்கெல்லாம் இரும்புதான் குறை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. துத்தநாகம் (ஜிங்க்) கொடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பலன் உண்டா என்பதில் இன்னும் குழப்பம்: துருக்கியில் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது, அமெரிக்காவில் பெரிதாகத் தெரியவில்லை. அளவு மீறிக் கொடுத்தால் உடம்பில் தாமிரம் குறையும். சோதிக்காமல் டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுப்பது எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

டாக்டர் சொன்ன அளவில் நாலு மாதம் இரும்பு மருந்து கொடுத்தோம். கால் உதைப்பது நின்றது, தூங்குகிறான், வகுப்பில் முன்னைவிட உட்காருகிறான். மனசு அலைவது இன்னும் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பயிற்சிக்கும் போகிறோம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். உட்கார முடியாத பிள்ளையைக் கண்டால் முன் பெஞ்சில் வையுங்கள், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைச் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய அந்தத் தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலேயே இந்தக் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லி அங்கே அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று எத்தனை பிள்ளைகள் அதைத் துப்புகிறார்கள் தெரியுமா?

எங்கள் வீட்டிலும் தப்பு உண்டு. விடியுமுன் கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாமார் டீயும் பன்னும் கொடுத்துவிட்டுப் போகிறோம், அந்த டீ சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது மீன் ஆணமும் (குழம்பும்) குறைந்துபோகும். அப்புறம் உப்பு. வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிற மாவட்டம், கடல் உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று பாத்தியிலிருந்து வரும் கல்லுப்பையே போடுகிறோம். அதில் அயோடின் மிகமிகக் குறைவு, சேர்த்தால்தான் உண்டு. அயோடின் குறைந்தால் தைராய்டு மந்தமாகும், பிள்ளையின் படிப்பும் கூடவே மந்தமாகும். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசும் நேரத்தில் பத்து நிமிஷம் இதைப் பேசுங்கள்.

மருத்துவக் குழு வரும் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நாங்கள் பாசிக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா