ரோத் மாற்றமும் 8606-உம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

ரோத் விஷயத்துக்கு வருகிறேன். 2025-இல் நீயும் மாலதியும் அமெரிக்க ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கான ஐஆர்ஏ-வில் ஆளுக்கு 7,000 டாலர் போட்டு, அதே ஆண்டிலேயே ரோத்துக்கு, அதாவது வரி கட்டிய பணத்தை வைக்கும் ஐஆர்ஏ வகைக்கு, மாற்றியிருக்கிறீர்கள். ஐஆர்ஏ-விலிருந்து எடுத்த பணத்தைக் காட்டி, கணக்கை வைத்திருக்கும் புரோக்கர் அனுப்பும் 1099-ஆர் படிவத்தில், வரிக்குரிய தொகைக்கான 2ஏ கட்டத்திலும் 7,000 என்று இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டாய். பக்கத்தில் 2பி-யைப் பார், வரிக்குரிய தொகையைக் கணக்கிடவில்லை என்ற பெட்டியில் டிக் இருக்கும். ஏற்கனவே வரி கட்டிய பணமா இல்லையா என்பது புரோக்கருக்குத் தெரியாது. வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அதை நீதான் 8606 படிவத்தில் சொல்ல வேண்டும்.

மாலதி கணக்கு எளிது. வரிக் கணக்கு மென்பொருளில் 1099-ஆரை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்தினால் 7,000-க்கும் வரி விழும். ஐஆர்ஏ பங்களிப்புப் பகுதிக்கும் போய், வருமானத்திலிருந்து கழிவு கோராத (அதாவது வரி கட்டிய) பணம் என்று பதிய வேண்டும். பிறகு அச்செடுத்துப் பார்: 8606-இல் லைன் 1-உம் (போட்டது) 16-உம் (மாற்றியது) 7,000, லைன் 18 (வரிக்குரியது) பூஜ்யம், வரிக் கணக்குப் படிவமான 1040-இல் அவள் பங்காக 4ஏ 7,000, 4பி பூஜ்யம். மாற்றுவதற்குள் 12 டாலர் வட்டி சேர்ந்திருந்தால் அந்த 12-க்கு மட்டும் வரி. லைன் 6 முதல் 12 வரை காலியாக இருந்து 13-இல் நட்சத்திரக் குறி வந்தால் கலங்காதே, கணக்கு தனித்தாளில் இருக்கிறது.

உன் பாடுதான் வேறு. பழைய கம்பெனியில் வரி கட்டாமல் சேர்த்த 401(கே) ஓய்வூதியப் பணத்தை ஐஆர்ஏ-வுக்கு மாற்றியதைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். வில்லங்கமே அங்கேதான். டிசம்பர் 31 அன்று அதில் இருந்த 63,000 லைன் 6-இல் ஏறும். மாற்றிய 7,000 சேர்த்து லைன் 9-இல் 70,000. அதில் வரி கட்டிய பணம் 7,000, பத்தில் ஒரு பங்கு. ஆகவே மாற்றியதில் 700-க்குத்தான் விலக்கு, 6,300-க்கு வரி உண்டு. இரண்டும் வேறு வேறு புரோக்கரிடம் இருக்கிறதே என்று வாதாட முடியாது. உன் பெயரில் உள்ள, ரோத் அல்லாத ஐஆர்ஏ எல்லாம் ஒரே பானை. மாலதியுடையது தனி, அவளுக்குத் தனி 8606. செய்த மாற்றத்தைத் திருப்பும் வழியும் 2018-இலிருந்து இல்லை.

வரி கட்டிய 7,000-இல் இந்த 700 போக மிச்சம் 6,300 லைன் 14-இல் நிற்கும், அடுத்த ஆண்டு லைன் 2-க்கு வரும். அதனால் படிவத்தைப் பத்திரமாக வை. இந்த ஆண்டும் மாற்றப் போகிறாய் என்றால், இப்போதைய கம்பெனியின் 401(கே) வெளிப்பணத்தை ஏற்குமா என்று கேள். ஏற்றால் ஐஆர்ஏ-வில் இருக்கும் வரி கட்டாத அந்தப் பணத்தை டிசம்பர் 31-க்குள் அங்கே தள்ளிவிடு, லைன் 6-இல் அது ஏறாது. கடைசி வாரத்தில் அனுப்பாதே, காசோலை தபாலில் கிடந்தால் தேதி தாண்டிவிடும்.

முந்தைய ஆண்டுகளில் கழிவு கோராமல் ஐஆர்ஏ-வில் போட்டதுண்டா? அப்போது 8606 போட்டாயா என்று தேடிப் பார்த்து எழுது. விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம், அபராதம் 50 டாலர்தான். தக்க காரணம் காட்டினால் அதுவும் இல்லை.

அன்புடன்,
ரகு