பெயர் ஒத்துப்போனால் கடனும் சேர்ந்து வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோட்டை மாரியம்மன் பெயரால் மாரியப்பன், மாரிமுத்து, மாரியம்மாள் என்று தெருவுக்குத் தெரு பெயர் வைக்கும் ஊர் சேலம். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லாததால், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தந்தை பெயரின் முதலெழுத்துதான். அந்த ‘மு’ முத்துசாமியா, முருகேசனா என்று பாராமல் கடன் பதிவுகளை இணைத்துவிடும்போது, யாரோ கட்டாமல் விட்ட தவணை வேறு யாரோ ஒருவரின் தலையில் விழுகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் என் உறவினருக்கு இப்படித்தான் தொழில் கடன் மறுக்கப்பட்டது. அவர் வாங்கவே இல்லாத இருசக்கர வாகனக் கடன் ஒன்று அவருடைய கடன் அறிக்கையில் நிலுவையாக நின்றது. வங்கிக் கிளையில் கேட்டதற்கு, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுத்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்திடம் போகச் சொன்னார்கள். அங்கே, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் பதிவைத் திருத்த முடியும் என்றார்கள். அலைக்கழிப்பாகத் தோன்றினாலும் இந்த இரண்டாவது பதில் நடைமுறைப்படி சரியானதே. ஆகவே பான் அட்டை நகல், பிறந்த தேதிச் சான்று ஆகியவற்றுடன், அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனம், கடன் தகவல் நிறுவனம் ஆகிய இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். முறையீட்டை 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்ற ரிசர்வ் வங்கியின் ஆணை 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. என் உறவினரிடம் இதை எந்த மேசையிலும் ஒருவரும் சொல்லவில்லை. கெடு கடந்த பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் திருத்தம் வந்துவிட்டது என்று ஓய்ந்துவிடவும் கூடாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மற்ற மூன்று நிறுவனங்களிலும் அதே பிழை இருக்கக்கூடும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை.

காசோலை வழக்கிலோ கடன் வழக்கிலோ ஆள் மாறி நீதிமன்ற அழைப்பாணை வந்தால், ‘அது நான் இல்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்து. காசோலை வழக்கில் ஆஜராகாதவர் மீது பிடியாணை பிறக்கலாம்; கடன் வழக்கில் அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம். குறித்த தேதியில் வழக்கறிஞர் மூலம் அடையாளச் சான்றுகளைத் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. வசதியற்றவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இத்தனையும் பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை. தவறே செய்யாதவர் தன் வேலையை விட்டுவிட்டு இதற்கெல்லாம் அலைய வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பான் எண்ணும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாத பதிவைப் பெயரை மட்டும் நம்பி இணைக்காமல் இருப்பது கடன் தகவல் நிறுவனங்களின் பொறுப்பு; விண்ணப்பத்திலேயே முதலெழுத்தை விரித்து எழுதி வாங்குவது கடன் கொடுக்கும் நிறுவனங்களின் பொறுப்பு. மேற்சொன்ன 30 நாள் விதியை மாவட்டத்தின் எல்லா வங்கிக் கிளைகளிலும் தமிழில் எழுதி வைக்க, மாவட்ட வங்கிகளின் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்