மாத்திரை விஷயமாக

அன்பு மகள் கயலுக்கு,

நலமா? மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டாரையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சித்தப்பா வீட்டுக் கிணறு தூர்வாரியாயிற்று.

மாதாமாதம் ரத்தம், யூரின் ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பிவிடுவாய். தீபாவளிக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. உனக்கென்று கடையில் எடுத்து வைத்த மைக்கோஃபினோலேட் அட்டைகளும் அப்படியே கிடக்கின்றன. அங்கேயே வாங்கிக்கொள்கிறாய் என்றால் சரி. வாங்குகிறாய்தானே?

லூபஸ் நோயில் உன் எதிர்ப்பு சக்தி உன் சிறுநீரகத்தையே தாக்காமல் அடக்கி வைத்திருப்பது அந்த மாத்திரைதான். நிறுத்தினால் மறுநாளே எதுவும் தெரியாது, எனக்குப் பயமே அதுதான். கால் வீங்குவதற்கு முன்பே யூரினில் புரோட்டீன் ஏறியிருக்கும். காலேஜ் இரண்டாம் வருஷம் நீ பட்டது போதும்.

கல்யாண வீட்டில் அத்தை எல்லார் முன்னாலும் 'விசேஷம் உண்டா' என்று கேட்டாளாம். நீ இலையில் உட்காராமலே கிளம்பினாய் என்று அம்மா சொன்னாள். உன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றும் சொன்னாள். போனில் எனக்கு வாய் வரவில்லை. அப்பாவாக வேண்டாம், மருந்துக் கடைக்காரனாக எழுதுகிறேன்.

இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு தங்கினால் கிட்டத்தட்டப் பாதி கலைந்துவிடுகிறது. கலையாமல் தங்கினாலும் குழந்தைக்குக் காது, உதடு, அண்ணத்தில் குறை வரும் வாய்ப்பு அதிகம். அதனால் கரு தங்குவதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே இதை விட்டுவிட வேண்டும். ஆனால் சும்மா விடுவதில்லை, வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பெரும்பாலும் அசாத்தியோப்ரின், கர்ப்ப காலத்திலும் கொடுப்பதுதான். லூபஸுக்குத் தருகிற ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்த மாட்டார்கள். பிரஷருக்குத் தருகிற ராமிப்ரில் கர்ப்பத்தில் ஆகாது, அதையும் மாற்றச் சொல்லிக் கேள். லூபஸ் 6 மாதமாவது அடங்கி இருந்த பிறகுதான் டாக்டர் சரி என்பார். உனக்கு வழி இருக்கிறது கயல், நாள் பிடிக்கும், அவ்வளவுதான். அத்தைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் இருக்கிற அவசரம் உனக்கு வேண்டாம்.

ஒருவேளை ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால், கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றே டாக்டரைப் போய்ப் பார்.

நீயாக எதையும் நிறுத்தாதே. கடைக்கு வருகிறவர்களிடம் என் மகள் காலேஜில் பாடம் எடுக்கிறாள் என்று சொல்லாத நாளில்லை. இவ்வளவு படித்தவள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை விட்டாள் என்று வேறு யார் வாயிலாகவும் நான் கேட்க வேண்டாம். எங்களிடமாவது சொல்லலாம் இல்லையா?

நிறுத்தவில்லை என்றால் சந்தோஷம். வயிற்றெரிச்சலுக்கு ஜெல் குடித்தால் இந்த மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதே, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. இந்த மாத்திரையால் வெள்ளை அணு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா? வேண்டாம் என்றால் பேசவில்லை. சிறுநீரக டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு ஒரு வரி போடு. ரிப்போர்ட்டையும் அனுப்பு. மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

அன்புடன்,
அப்பா