நனைந்த தாள்களைக் காயவைத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, நண்பர்களே,

ஈரானியக் கவிஞர் ரெசா பராஹெனியின் எழுத்துகளை வாசிக்கும் மாலை நேற்று நல்லபடியாக நடந்து முடிந்தது. அந்த மழைக்குப் பிறகு இது நடக்கும் என்று உங்களில் பலர் நம்பவில்லை, நானும்தான். பேஸ்மென்டில் தண்ணீர் இறைத்த தம்பிமார், கடைசி நேரத்தில் மண்டபம் தந்தவர்கள், சோறு கறி அனுப்பிய அக்காமார் எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லப் போனால் யாராவது விடுபட்டுவிடுவார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ஈரானிய ஐயா, தப்ரீஸ்காரர். மழையில் நனைந்து, வாசலில் காயப் பரப்பியிருந்த என் வாசிப்புத் தாள்களில் பராஹெனியின் பெயரைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே டிஷ்யூ வைத்தார். அச்சுத் தாள்கள் தப்பின. நான் பேனாவால் எழுதி வைத்திருந்த பாரசீக வரிகள்தான் நீலக் கறையாகிவிட்டன. மறுநாள் தன்னுடைய புத்தகங்களோடு வந்து, கறைக்கு மேலேயே பென்சிலால் வரி வரியாக எழுதித் தந்தார்.

எழுதும்போதே கதையும் சொன்னார். பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் தாய்மொழியான அஜர்பைஜானித் துருக்கியில் எழுதியதற்காக, சிறுவன் பராஹெனியை அந்த மையை நாக்கால் நக்க வைத்தார்களாம். அந்தப் பையன்தான் பிறகு பாரசீகத்தில் கவிஞராகி, 'செம்பில் பொன்' கட்டுரைகளில் அந்த மொழியின் பெரிய கவிஞர்களையே உரசிப் பார்த்தார். 1973இல் மன்னர் ஷாவின் ரகசியப் போலீசான சாவாக் அவரை 102 நாள் சிறையில் வைத்து வதைத்தது. புரட்சிக்குப் பிறகு பல்கலைக்கழக வேலையும் போனது. தெஹ்ரானில் தன் வீட்டு பேஸ்மென்டிலேயே இளையவர்களைக் கூட்டி வைத்துக் கவிதை படிப்பித்தார். 1994இல் எழுத்துச் சுதந்திரம் கேட்டு மடலில் கையெழுத்திட்ட 134 எழுத்தாளர்களில் அவரும் ஒருவர். பிறகு நாட்டை விட்டே வரவேண்டியதாயிற்று. இங்கே எழுத்தாளர்களின் கனடா பென் அமைப்புக்குத் தலைவராக இருந்தார், 2022இல் இதே ரொறன்ரோவில் மறைந்தார்.

அவருடைய 'வண்ணத்துப்பூச்சிகளுக்கு' கவிதைத் தொகுப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தனக்கும் பாதி விளங்குவதில்லை என்று ஐயா சிரித்தார். அதைக் கேட்டுத்தான் எனக்கு மேடையேறத் தைரியம் வந்தது.

ஐயாவால் இந்தத் தமிழ் மடலை வாசிக்க முடியாது. சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். 'செம்பில் பொன்' கட்டுரைகளில் ஒன்றையாவது தமிழில் கொண்டுவந்தே தீருவது என்று முடிவெடுத்திருக்கிறேன். கூட இருந்து வாசித்துத் தருவதாக ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார்.