கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி

பாப்பாவுக்கு,

அமெரிக்கக் கல்லூரி பீச் வாலிபால் அணியிலிருந்து உனக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தைப் படித்தேன். '30 சதவீதம்' என்று போட்டிருக்கிறார்கள். எதில் 30 என்று முதலில் கேள். கல்விக் கட்டணம் 40,000 டாலர், விடுதி சாப்பாடு எல்லாம் சேர்த்து 62,000 என்று வைத்துக்கொள். ஒன்றில் 12,000 வரும், இன்னொன்றில் 18,600. நாலு வருஷத்துக்கு 26,400 டாலர் வித்தியாசம். வருஷா வருஷம் புதுப்பிப்பதா, நாலு வருஷத்துக்கும் சேர்த்தா என்பதையும் எழுத்தில் வாங்கு.

டிவிஷன் 1 (அங்கே கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பீச் வாலிபாலுக்கு ரொம்ப நாளாக அணிக்கு 6 முழு உதவித்தொகைதான். பயிற்சியாளர்கள் அதைத்தான் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில், கல்லூரி விளையாட்டு வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் 19 பேர் என்ற வரம்பு வந்தது. வரம்பு போனால் பணம் வந்துவிடுமா? டிக்கெட் வருமானம் பெரிதாக இல்லாத விளையாட்டு இது. விளையாட்டுத் துறையின் பொதுக் கணக்கும் நன்கொடையும்தான் கதி. அதனால் அடுத்த வருஷம் 19 பேரில் நீ எத்தனையாவது ஆள் என்று கூச்சப்படாமல் கேள்.

பயிற்சியாளர் பீச்சுக்கு மட்டுமா, உள்ளரங்க வாலிபாலுக்கும் அவரேதானா? அதன் சீசன் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை. அங்கேயும் அவர்தான் என்றால், உன் ஆட்டத்தைச் சீர்செய்ய வேண்டிய மாதங்களில் ஆளே கிடைக்கமாட்டார். ஒரு போட்டிக்கு ஐந்து ஜோடி. மூன்று ஜெயித்தால் வெற்றி. ஐந்து களமும் ஒரே நேரத்தில் ஓடும்போது மூன்று பயிற்சியாளர்கள் இருந்தாலும் இரண்டு களத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். வரிசையில் கடைசியாக வரும் ஜோடிகளின் பக்கம் யார் நிற்பார் என்று விசாரி.

படிப்புதான் எனக்குப் பெரிய கவலை. சீசனில் விளையாட்டுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பார்கள். நம்பாதே. பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. போட்டி நாளில் காலை 8 மணிக்கு மணலில் இறங்கி சாயங்காலம் 5 மணிக்கு ஏறினாலும் கணக்கில் எழுதுவது 3 மணி நேரம்தான்.

இன்னொன்று, தொடர்ந்து விளையாடத் தகுதி பெறுவதற்கான 40-60-80 விதி. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் 60, பிறகு 80. பாடங்களுக்குத் தரும் அலகுதான் கிரெடிட்; 120 கிரெடிட் பட்டத்துக்கு 48, 72, 96. நீ வணிகப் பாடங்களாக எடுத்துக்கொண்டே போய், இரண்டு வருஷம் கழித்து உயிரியல் என்று முடிவு செய்தால், கையில் 60 கிரெடிட் இருந்தாலும் உயிரியலுக்குச் செல்லுபடியாவது 45 மட்டும் என்று ஆகலாம். மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் களத்தில் இறங்க முடியாது. பாஸானதெல்லாம் கணக்கில் சேரும் என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை படிப்பு ஆலோசகரிடம் பேசும்போது, உயிரியலுக்கான நாலு வருஷப் பாடத் திட்டத்தை வாங்கி அனுப்பு. வேதியியல் ஆய்வகம் வெள்ளி மதியம் மட்டும்தான் நடக்கிறதா, பார். பிப்ரவரி கடைசியிலிருந்து வாரக் கடைசிப் போட்டிகள் வரும். வெள்ளிக்கிழமை நீ பேருந்தில் இருப்பாய். ஆய்வகத்தை ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கு மாற்ற முடியுமா என்று அப்போதே கேட்டுவிடு.

அப்பா