பேரன் நடிக்கப் போகிறானாமே!

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரனைப் படத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து உங்கம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. எதிர்வீட்டுக்காரர் "அடுத்த கமல்" என்கிறார். பரமக்குடியில் வேறு யாரைச் சொல்வார்கள்?

ஆனால் அந்தக் கதையை எல்லாரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அம்மாடி. வக்கீல் சீனிவாசன் வீட்டில் 1954-இல் பிறந்த கடைக்குட்டி, 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் வந்தார். ஜெமினியும் சாவித்திரியும் இருந்தும், ஜனங்கள் மனசில் ஒட்டிக்கொண்டது அநாதை இல்லத்தில் வளரும் அந்தப் பையன்தான். 'அம்மாவும் நீயே' பாட்டை இன்னொரு தரம் பார். குரல் எம்.எஸ்.ராஜேஸ்வரியுடையது. அந்தக் கண்ணைப் பார்த்தால் நம்பமாட்டாய்.

அப்புறம் சிவாஜியோடு, எம்.ஜி.ஆரோடு என்று 1963 வரை சில படங்கள். மீசை அரும்புகிற வயசுப் பையனுக்கு சினிமாவில் என்ன வேஷம் இருக்கிறது? டி.கே.சண்முகம் அண்ணாச்சி நாடகக் குழுவில் இருந்தார். நடனம் படித்தார். நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டருக்கு உதவியாளராக வேலை பார்த்தார். 1973-இல்தான் 'அரங்கேற்றம்', 1975-இல் 'அபூர்வ ராகங்கள்'. நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம்! எனக்கு அவரிடம் பிடித்ததே அந்தப் பத்து வருஷம்தான். பேரனுக்கும் அப்படி ஒரு காலம் வரும். அப்போது கையில் படிப்போ வேறொரு வித்தையோ இருக்கவேண்டும்.

காசு விஷயம் மாப்பிள்ளை காதில் போடு. சாப்ளினோடு 1921-இல் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், சம்பாத்தியமெல்லாம் வீட்டாரால் கரைந்துபோய், பெற்ற தாய் மேலேயே 1938-இல் வழக்குப் போட்டார். நம் நாட்டில் இப்போது சட்டமே இருக்கிறது: குழந்தையின் வருமானத்தில் 20 சதவீதமாவது அவன் பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போடவேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. கலெக்டர் அனுமதி வாங்கியாயிற்றா என்று கம்பெனிக்காரர்களைக் கேள். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயப்படாதே. போனால் போகட்டும்.

பிள்ளைக்கு இஷ்டமில்லாமல் நடிக்க வைக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அவனைக் கேட்டீர்களா? மாப்பிள்ளை சொன்னார், நீ சொன்னாய், அவன் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை அவன் கையில் கொடு. நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கவேண்டாம்.

அன்புடன்,
அப்பா